போன தையில் இறந்துபோன என் அப்பாவுடன் பழனிக்குப் போனது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, எனக்கு நடந்தது. என் எழுத்து ஒன்றை ஒருவன் இணையத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்த் தன் பெயரில் போட்டுக்கொண்டான். வயிற்றெரிச்சல் தாங்காமல் எழுத உட்கார்ந்தேன். ஆறு முறை ஆரம்பித்தேன். அதில் மூன்றை இங்கே விட்டுவைக்கிறேன், சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

ஆரம்பம் ஒன்று: "மலைமுகட்டிலிருந்து மேகம் இறங்கி ஏரியை மூடிக்கொண்டிருந்த அந்த மாலையில்,"

(நிறுத்திவிட்டேன். கொடைக்கானலைப் பற்றி எழுதுகிற எல்லாரும் மேகத்தை இறக்கித்தான் ஆரம்பிக்கிறார்கள். இங்கேயே குடியிருக்கிற எங்களுக்கு மேகம் என்றால் துணி காயாது, அவ்வளவுதான்.)

ஆரம்பம் இரண்டு: "திருடர்கள் இரண்டு வகைப்படுவர்."

(இது பள்ளிக்கூடக் கட்டுரை.)

ஆரம்பம் மூன்று: "அடேய் சண்முகராஜ்,"

(இது கதையில்லை, சண்டை. ஆனால் மூன்றில் உண்மையானது இதுதான் என்பதால் மனசில்லாமல்தான் கோடு போட்டு அடிக்கிறேன்.)

என் பெயர் தேவகுமாரி. அட்டுவம்பட்டியில் வீடு. ஏரிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. சீசன் முடிந்து மழை பிடித்துவிட்டால் லாட்ஜில் ஒரு ஈ காக்கை வராது. அந்த நேரத்தில் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் பிளாக் எழுதுவேன். இது 2008ஆம் வருஷம். தமிழில் டைப் அடிக்கத் தெரிந்த எல்லாரும் பிளாக் வைத்திருக்கிறோம். எழுதுவதும் நாங்களே, படிப்பதும் நாங்களே.

2

திருடு போனது என்னவென்று சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

என் அப்பா சுந்தரராஜும் அம்மா மூக்கம்மாவும் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி எழுபத்து நாலில் கப்பலேறி வந்து, முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, பிறகு இந்த மலைக்குக் கூலிவேலைக்கு வந்தார்கள். முகாமில் பெயர் எழுதிய குமாஸ்தாவுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ, மூக்கம்மாவை முத்துலட்சுமி என்று எழுதிவிட்டார். அந்த அட்டையைப் பார்த்து ரேஷன் கார்டு எழுதினார்கள். ரேஷன் கார்டைப் பார்த்து, எனக்குப் பத்து வயதில் அம்மா இறந்தபோது இறப்புச் சான்றிதழ் எழுதினார்கள். ஒருவரும் அம்மாவைக் கேட்டு எழுதவில்லை. எல்லாரும் முந்தின தாளைப் பார்த்து எழுதினார்கள்.* ஆக, இந்த உலகத்தில் மூக்கம்மா என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

(* பார்த்து எழுதுவதைக் கம்ப்யூட்டர்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.)

அப்பா அம்மாவைப் பற்றிப் பேசுகிறவர் இல்லை. போன மார்கழியில், நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து குடைந்து குடைந்து கேட்டதில் கப்பல் வந்த கதையை மட்டும் சொன்னார். அதை "மூக்கம்மாவின் மலை" என்று எழுதி ஜனவரி முதல் வாரம் பிளாக்கில் போட்டேன். அப்பாவை லாட்ஜுக்குக் கூட்டிவந்து திரையில் காட்டினேன். அவர் கதையைப் படிக்கவில்லை. "அம்மா பேரு வர்ற எடத்தை மட்டும் காட்டு புள்ள" என்றார். பதினாலு இடத்தில் வந்தது. பதினாலிலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "வெரசா அணைச்சுறாத, கொஞ்ச நேரம் கெடக்கட்டும்" என்றார்.

இந்த இடத்தில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். பிளாக் எழுதுகிற சிநேகிதி ஒருத்தி எனக்கு ஓர் உபாயம் சொல்லிக்கொடுத்திருந்தாள். எழுத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதற்குள் நமக்கு மட்டுமே தெரிந்த ஒரு பொய்யைப் புதைத்துவைக்க வேண்டும். திருடுகிறவன் அதையும் சேர்த்து எடுப்பான், அங்கே வைத்துப் பிடித்துவிடலாம். அதன்படி நான் புதைத்தது இது: "மழையில் அப்பா பச்சைக் குடையை அம்மாவுக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடியே நடந்தார்." அந்த வரியை மட்டும் அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது அவருக்கு வந்ததே கோபம்.

"கொடை எங்கிட்டு இருந்துச்சு? சாக்கைத்தான் போத்திக்கிட்டு நடந்தோம். இதை எதுக்கு எழுதுன?"

"திருடனுக்குங்க அப்பா."

"திருடனுக்குக் கொடை எதுக்கு?" என்றார். அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

3

ஜூன் மாதம் சரியான மழை. என் கதை தேடினால் கிடைக்கிறதா என்று பார்க்கிற ஆசையில் (எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான், மறைக்காதீர்கள்) அதன் முதல் வரியை அடித்துத் தேடினேன். கிடைத்தது. ஆனால் என் பிளாக் இல்லை. "அடிவாரத்துக்காரன்" என்று ஒரு பிளாக். தலைப்பு, "சண்முகவள்ளியின் மலை."

எடுத்தவன் பழனிக்காரன். தேயிலையைப் பார்த்தே இருக்க மாட்டான் போலிருக்கிறது. தேயிலை என்று வந்த இடத்திலெல்லாம் வாழை என்று மாற்றியிருந்தான். ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்றியிருந்தால் கூட உழைப்பாளி என்று விட்டிருப்பேன். மொத்தமாக மாற்றுகிற பொத்தானை ஒரே அமுக்காக அமுக்கியிருக்கிறான். ஆகவே அவன் கதையில், "அம்மா கூடையை முதுகில் தொங்கவிட்டு நாளைக்கு இருபது கிலோ வாழைக் கொழுந்து கிள்ளினாள்." "இடுப்பு உயரத்துக்கு மேல் வளராதபடி வாழையை வெட்டிவிடுவார்கள்." "குளிருக்கு வாழைத் தூள் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள்." கப்பலை மட்டும் சிரத்தையாகக் கையாலேயே திருத்திப் பஸ் ஆக்கியிருந்தான். கடலை எடுக்க மறந்துவிட்டான். "பஸ் கிளம்பியது. கரை கண்ணுக்கு மறையும்வரை அம்மா அழுதாள்."

பச்சைக் குடை அப்படியே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு வரி அவன் சொந்தச் சரக்கு: "என் தந்தை போன தை மாதம் இறைவனடி சேர்ந்தார்."

கீழே நாற்பத்தோரு பேர் அவனுக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். எனக்கு வந்த பின்னூட்டம் மொத்தமே மூன்று. ஒன்று "அருமை." இன்னொன்று அதற்கு நான் போட்ட நன்றி. மூன்றாவது ஆள், சீசனில் டபுள் ரூம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

பதினாலு இடத்திலும் மூக்கம்மா போய் சண்முகவள்ளி வந்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கதையை எடுத்ததற்கு இல்லை. அம்மாவை இரண்டாவது தடவையும் பெயர் மாற்றி எழுதிவிட்டார்களே என்றுதான்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "நான் எப்பச் செத்தேன்னு போட்டிருக்கான்?" என்றார்.

"தை மாசம்."

"தையில நான் கேரட்டுக்குக் களை எடுத்துக்கிட்டுல்ல இருந்தேன்?"

4

(இந்தப் பகுதி, இணையத்தில் தங்கள் எழுத்தைப் பாதுகாக்க விரும்புவோருக்குப் பயனுள்ள குறிப்புகளாக இருக்கும் என்று ஆரம்பித்தேன். பயன் என்கிற சொல்லை மட்டும் எடுத்துவிட்டுப் படியுங்கள்.)

லாட்ஜ் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வருகிற பிரதீப் எங்கள் சொந்தக்காரப் பையன்தான். "அக்கா, ரைட் கிளிக்கையே லாக் பண்ணிடலாம். எவனாவது காப்பி பண்ணலாம்னு அமுக்குனா ஒரு மெசேஜ் வரும். என்ன மெசேஜ் போடட்டும்?" என்றான். நான் இருந்த கோபத்தில், "கையை எடுடா நாயே" என்று போடச் சொன்னேன். போட்டுவிட்டான்.

அடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் கீழே என் பெயரைப் போட்டேன். பிறகு படித்துப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. ஆகவே பதிவை முழுசாக அழித்துவிட்டு, "எழுத்தாளர் அனுமதியின்றி" என்று தொடங்கும் எச்சரிக்கையை மேலே போட்டு, எல்லாப் பூட்டும் சாவியுமாக ஜூலையில் புதிதாக ஏற்றினேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

பழையதை அழித்தபோது அதன் தேதியையும் சேர்த்து அழித்துவிட்டேன் என்பது எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது.

5

ஆகஸ்டில் திண்டுக்கல்லிலிருந்து திருமலைச்சாமி என்பவர் போன் செய்தார். கப்பலேறி வந்த குடும்பங்களைப் பற்றி அந்தக் குடும்பத்து ஆட்களே எழுதியதைத் தொகுத்து ஒரு புத்தகம் போடுகிறார். நானும் "மூக்கம்மாவின் மலை"யை அனுப்பியிருந்தேன். அதை அனுப்பிய நாளிலிருந்து அப்பா என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தார். "பொஸ்தகம்னா அச்சுல வரும்ல? அழியாதுல்ல?"

"அம்மா, நீங்க அனுப்புனது நல்லாருக்கு. ஆனா இது ஏற்கெனவே வேற ஒருத்தர் பேர்ல நெட்டுல கெடக்கே?" என்றார் திருமலைச்சாமி.

"அவன் என்கிட்டருந்து எடுத்ததுங்க சார்."

"அவர் போட்ட தேதி பிப்ரவரி. உங்களது ஜூலை."

"பாதுகாப்புக்காக அழிச்சிட்டு மறுபடி போட்டேன் சார்."

"என்ன பாதுகாப்பும்மா? ஒப்பிட்டுப் பாப்போம்னு உங்க பக்கத்துல போயி அமுக்குனேன். என்னை நாயேங்குது. எனக்கு அறுபத்திரண்டு வயசாகுது."

நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு விடாமல், "சார், அவன் எழுதினதை நல்லாப் படிங்க. வாழையைப் போயி யாராவது கிள்ளுவாங்களா?" என்றேன்.

"அதைக் கவித்துவம்னுல்ல நெனச்சேன்" என்றார்.

கடைசியில் அவர் சொன்னது இதுதான். அந்த ஆளிடமிருந்து, இது உங்களுடையது என்று கைப்பட ஒரு கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வாங்கி வர வேண்டும். இல்லையென்றால் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவார். அன்று திங்கட்கிழமை.

6

இங்கே எனக்குப் பாத்திரத்தின் மேல் ஒரு சந்தேகம். நியாயமாகப் பார்த்தால் திருடன் தலைமறைவாக இருக்க வேண்டும். நான் மூன்று பக்கம் துப்புத் துலக்கி அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படித்தான் ஒரு வரைவு எழுதினேன்: "இருண்ட சந்தின் கடைசியில் அந்த மர்ம மனிதன்,"

(வேண்டாம். பொய்.)

அவன் பிளாக்கில் ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும், சுத்தமான பஞ்சாமிர்தத்துக்கு அணுக வேண்டிய முகவரி என்று கடை விலாசம், போன் நம்பர், கோயிலிலிருந்து வரும் வழி எல்லாம் போட்டிருந்தான். திருடிவிட்டு வீட்டுக்கு வழி சொல்கிற ஆளை வைத்துக்கொண்டு என்ன மர்மக் கதை எழுதுவது?

(இதை இப்போது நகலெடுத்துக்கொண்டிருப்பவர் கவனத்துக்கு: நீங்கள் இந்த அடைப்புக்குறியையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வணக்கம்.)

புதன்கிழமை லீவு போட்டேன். வெள்ளனே எழுந்து பஸ்ஸுக்குக் கிளம்பினால் அப்பா வெள்ளை வேட்டி கட்டி வாசலில் நிற்கிறார்.

"நீங்க எதுக்கு அப்பா?"

"செத்தவன் நானு. நான் வராம எப்படி?"

பெருமாள்மலை தாண்டியதிலிருந்து பழனி வரைக்கும் வளைவுக்கு வளைவு அவன் மூஞ்சியில் விட்டெறிய வேண்டிய வார்த்தைகளை நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். அப்பா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வந்தார்.

7

கடை அடிவாரத்தில் கூட்டமான தெருவில் இருந்தது. சண்முகராஜுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பெரிய மீசை இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. நெற்றி நிறைய விபூதி, ஒல்லி உடம்பு, டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். வில்லனுக்குரிய லட்சணம் மருந்துக்குக்கூட இல்லை. "வாங்க, வாங்க, எத்தனை டப்பா?" என்றான்.

மனப்பாடம் செய்த எதுவும் வரவில்லை. அப்பாதான் முந்திக்கொண்டார்.

"நான்தாங்க தம்பி, நீங்க எழுதுன அந்தச் செத்துப்போன அப்பா."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் என் பிளாக்கின் பெயரைச் சொன்னதும் முகம் வெளிறிவிட்டது. கும்பிட்டான். அக்கம்பக்கக் கடைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று எங்களை உள்ளே இழுக்காத குறையாகக் கூட்டிப்போனான்.

"அக்கா, தப்புத்தாங்க. ஒத்துக்கிறேன். தையில எங்கப்பா செத்துட்டாரு. பதினாறாம் நாளு காரியத்துக்கு அவரைப் பத்தி ஏதாச்சும் எழுதிப் படிடான்னு எங்கம்மா சொல்லிருச்சு. நாலு நாளு பேப்பரை வச்சுக்கிட்டு உக்காந்தேன். எங்கப்பா என்கிட்டப் பேசுனதே ரெண்டு வார்த்தைதாங்க. கடையைத் தொற, கடையைச் சாத்து. அதை வச்சு என்னங்க எழுதுறது? நெட்டுல அப்பா, அம்மா, மலைன்னு தேடுனேன். உங்களது வந்துச்சு."

"அதுக்கு வாழையா?"

"எங்கப்பா கொஞ்ச காலம் மலையில வாழைத்தோட்டம் குத்தகைக்கு வச்சிருந்தாருங்க. பொருந்திப்போகும்னு நெனச்சேன்."

"பொருந்துச்சா?"

"காரியத்துக்கு வந்தவங்க எல்லாரும் அழுதாங்க அக்கா. யாரும் வாழையைக் கவனிக்கல" என்றான்.

கடிதம் கேட்டேன். மறுபேச்சு இல்லை. கடை பெயர் அச்சடித்த தாளை எடுத்து, இது தேவகுமாரி அவர்கள் எழுதியது, நான் அனுமதியில்லாமல் எடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினான். மடித்துப் பைக்குள் வைத்தேன். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்த சோலி பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை ஒரு வெற்றிக் கதையாக எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பேன்.

8

கடைக்குப் பின்னாலேயே வீடு. திரையை விலக்கிக்கொண்டு அவன் அம்மா வந்தார். கண்ணில் கண்ணாடி கனமாக இருந்தது. "யாருய்யா வந்திருக்கது?" என்று கேட்டார்.

சண்முகராஜ் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்த கெஞ்சலை என்னால் எழுத முடியவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

"என் எழுத்தைப் படிச்சிட்டுக் கொடைக்கானல்லருந்து வந்திருக்காங்கம்மா" என்றான்.

(பாருங்கள், இதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.)

அந்த அம்மாவின் பெயர் சண்முகவள்ளி. நீங்கள் ஊகித்திருப்பீர்கள், எனக்கு அந்தப் பெயர் மேல் ஆறு வாரக் கோபம் இருந்தது. அவர் நேராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தார். சுவரில் அவர் கணவரின் படம், மாலை. அதற்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் கதை, நாலு பக்கமும் பார்டர் போட்டு.

"எனக்குக் கண்ணு மங்கிருச்சு தாயி. இவன் வாசிச்சுக் காட்டுன்னா ஓடிருவான். நீ படிச்ச புள்ள. வாசியேன் கேப்போம்."

சட்டத்தை இறக்கி என் மடியில் வைத்துவிட்டார். ஓர் எழுத்தாளருக்கு வரக்கூடிய தண்டனைகளில் இது எந்தச் சட்டத்தில் வருகிறது என்று தெரியவில்லை. திருடியவன் கதவோரம் நிற்கிறான், நான் பயபக்தியோடு வாழைக் கொழுந்து கிள்ளுகிறேன். அப்பா சிரிப்பை அடக்குவதற்காக மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அதைத் துக்கம் என்று நினைத்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

குடை வந்ததும் சண்முகவள்ளி அம்மா என் கையை அழுத்தினார்.

"இந்த எடந்தான் தாயி. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. கல்யாணமான புதுசுல கோயிலுக்குப் போயிட்டு வரையில நல்ல மழை. கூட வந்த சனமெல்லாம் சிரிக்குது. அந்த மனுசன் தான் நனைஞ்சுக்கிட்டு எனக்குக் கொடை பிடிச்சுட்டு வந்தாரு. அதுக்கப்புறம் முப்பத்தெட்டு வருசம் நல்லதா ஒரு வார்த்தை பேசல, ஆனா அன்னைக்குப் பிடிச்சாரு. அது இவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னுதான் எனக்குப் புரியல. கொடை மட்டும் கறுப்பு. பச்சைன்னு எழுதிட்டான்."

திருடனைப் பிடிப்பதற்காக நான் புதைத்த பொய் அது. சட்டத்துக்குள் இருந்ததில் இவர் வாழ்க்கையில் நிஜமாக நடந்தது அது மட்டும்தான்.

தொடர்ந்து படித்தேன். படித்தேன் என்றா சொன்னேன்? என் கதை எனக்கு மனப்பாடம். கண் கலங்கி எழுத்து மறைந்ததும் வாய் தானாக ஓடிவிட்டது. கடைசிப் பத்தியில், "அந்த மலையில் மூக்கம்மா வைத்த கால்தடம்" என்று படித்துவிட்டேன்.

"யாரு தாயி மூக்கம்மா?" என்றார் சண்முகவள்ளி அம்மா.

9

இதற்குப் பதிலாக நான் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் பதில்: நான் எழுந்து நிற்கிறேன். "என் அம்மா! இது என் கதை! உங்கள் மகன் திருடன்!" என்கிறேன். சட்டம் கீழே விழுந்து கண்ணாடி சில்லுச் சில்லாகச் சிதறுகிறது.

(சினிமா. தவிர, சட்டம் என் மடியில் பத்திரமாக இருந்தது.)

இரண்டாவது பதில்: சண்முகராஜ் தாயின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லி அழுகிறான்.

(அவன் அப்போது கதவுக்குப் பின்னால் போய் ஸ்பூன் தேடிக்கொண்டிருந்தான். எங்களுக்குப் பஞ்சாமிர்தம் கொடுக்கவாம்.)

மூன்றாவது பதில் நடந்தது. அப்பா தொண்டையைச் செருமினார்.

"மூக்கம்மா என் சம்சாரம் தங்கச்சி. செத்து இருவது வருசமாச்சு. ஒங்க மகன் எழுதுனதை வாசிக்கையில எம் புள்ளைக்கு அவ அம்மா நெனப்பு வந்துருச்சு."

என் கதையை என் அப்பாவே எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டார். ஒரு கையெழுத்துக்கூட வாங்காமல்! எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அந்த அம்மா அப்பாவின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, "எப்படி இருப்பாங்க அண்ணே?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். அப்பா பேச ஆரம்பித்தார்.

"கப்பலுக்கு வரையில சாமான் சோதிப்பாங்க தங்கச்சி. இவ என்ன செஞ்சா, தேயிலை விதையைக் கொண்டைக்குள்ள வச்சு முடிஞ்சுக்கிட்டு வந்துட்டா. அட்டுவம்பட்டி வீட்டுக்குப் பின்னால ஊனுனா. மூணு பொழைச்சுது. அதுல கொழுந்து கிள்ளி, தோசைக்கல்லுல வறுத்து எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பா. ஒவ்வொரு நாளும். எப்படி இருக்குன்னு கேப்பா. அங்க குடிச்ச மாதிரியே இருக்கும்பேன்."

"நல்லா இருக்குமா அண்ணே?"

"மாட்டுக்கு வைக்கிற கழனித்தண்ணி மாதிரி இருக்கும் தங்கச்சி. பத்து வருசம் குடிச்சேன்."

சண்முகவள்ளி அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அம்மா செத்து இருபது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த மூன்று செடிகளையும் எனக்குத் தெரியும். வேலி என்று நினைத்து, முப்பது வயது வரைக்கும் அதன் மேல் துணி காயப்போட்டிருக்கிறேன். சண்முகராஜ் ஸ்பூனோடு வந்து நின்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கை சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டது. நான் முறைத்த முறையில் கையை எடுத்துவிட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"இதையெல்லாம் என்கிட்டச் சொல்லவே இல்லையே அப்பா? ஊரு பேரு தெரியாத பொம்பளகிட்டச் சொல்றீங்க!"

"நீ கேக்கலையே புள்ள."

"நோட்டைத் தூக்கிக்கிட்டு ஒரு மாசம் பின்னாடியே அலைஞ்சேனே!"

"நீ கப்பலைப் பத்தில்ல கேட்ட. எந்த வருசம், எத்தனை பேரு, எந்தக் கப்பலுன்னு கேட்ட. ஒங்கம்மா எப்படி இருப்பான்னு அந்தத் தங்கச்சிதான் கேட்டுச்சு."

கொஞ்ச தூரம் போனதும் அவரே பேசினார்.

"அந்தக் கடுதாசியைக் கொடுத்தா பொஸ்தகத்துல வந்துரும்ல?"

"வரும். அதே கதை, அதே குடை. யாராவது ஒருத்தர் அந்த அம்மாகிட்டக் கொண்டுபோய்க் காட்டிருவாங்க."

"கொடுக்காட்டி?"

"அம்மா பேரு அச்சுல வராது."

அப்பா எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். "அதைத்தான் நானும் ரோசிக்கிறேன்" என்றார்.

10

இன்று வியாழக்கிழமை. கடிதம் என் முன்னால் இருக்கிறது. நாளைக்குத் திருமலைச்சாமிக்கு ஏதாவது ஒன்று போய்ச் சேர வேண்டும்.

ஒரு வழி, கடிதத்தை அனுப்புவது. நான் எழுதியது என் பெயரில் வரும். பதினாலு இடத்தில் மூக்கம்மா அச்சில் ஏறுவாள். பழனியில் ஒரு சுவரிலிருந்து ஒரு சட்டம் இறங்கும்.

இன்னொரு வழி, கடிதத்தைக் கிழித்துவிட்டு, நேற்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிற இதை அனுப்புவது. இதில் கொண்டைக்குள் விதை இருக்கிறது, தோசைக்கல் இருக்கிறது. இது பழையதைவிட நல்ல கதை என்று எனக்குத் தெரிகிறது, அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஆனால் திருமலைச்சாமி படித்துவிட்டு, "அம்மா, நான் கேட்டது வாழ்க்கைக் குறிப்பு, நீங்க என்னையே இதுல போட்டுக் கேலி பண்ணியிருக்கீங்க" என்று திருப்பி அனுப்பிவிடலாம். அவர் இடத்தில் நான் இருந்தால் அனுப்பிவிடுவேன்.

அந்த அம்மாவுக்காக ஒன்று செய்திருக்கிறேன். இதில் வரும் கடையைப் பழனியில் தேடாதீர்கள். தாய், மகன் பெயர், விற்கிற பொருள், தெரு எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அப்பா பெயரும் இது இல்லை. தேவகுமாரி என்று எனக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. திருமலைச்சாமிகூட வேறு பெயர்க்காரர்தான், கோபம் மட்டும் அவருடையது.

எதை அனுப்பப்போகிறேன் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கு இன்னும் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். இதை நீங்கள் அச்சிட்ட புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தால் ஒரு முடிவு. என் பிளாக்கில் படித்துக்கொண்டிருந்தால் இன்னொரு முடிவு. வேறு எவனோ ஒருவன் தன் பெயரில் போட்டு நீங்கள் அங்கே படித்துக்கொண்டிருந்தால் அது மூன்றாவது முடிவு. அப்படியானால் அவனைத் திட்ட வேண்டாம். ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு போகட்டும். பூட்டையெல்லாம் பிரதீப்பை வைத்துக் கழற்றியாயிற்று.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். எங்கே படித்தாலும், கொண்டையில் விதை வைத்து வந்தவள் பெயர் மூக்கம்மா என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கதையில் நான் மாற்றாத பெயர் அது ஒன்றுதான். வேறு எந்தப் பெயராவது இருந்தால், தயவுசெய்து பேனா எடுத்து அடித்துத் திருத்திவிடுங்கள்.